தோற்ற நாளில் முகம் போடுவதில்லை

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக மூன்று பேரை பிளாக் செய்தேன். அதற்குப் பிறகுதான் பல் துலக்கினேன், பால் பாக்கெட்டை எடுத்தேன். மூன்று பேருமே எங்கள் கோல்கீப்பர் இமானுவேலின் அம்மாவை இழுத்துக் கமென்ட் போட்டவர்கள். ஆட்டத்தைத் திட்டலாம். ஆட்டக்காரனையும் திட்டலாம். அம்மாவைத் தொட்டால் எங்கள் கால்பந்து கிளப்பான கால்வாய்க்கரை எஃப்.சி.யின் இணையப் பக்கத்தில் இடம் கிடையாது. எட்டு வருடமாக இதுதான் விதி. போட்டது நான்.

நேற்று 1–0 என்று தோற்றோம். எண்பத்தெட்டாவது நிமிடம், இமா கையிலிருந்து நழுவிய பந்து. இன்னும் ஒரே ஆட்டம்தான் பாக்கி, பதினாறாம் தேதி. அதில் ஜெயித்தால் மேல் டிவிஷன், இல்லாவிட்டால் இதே மண் மைதானம், இதே டிவிஷன்.

காலையில் பக்கத்தில் கொடிப் படத்தைப் போட்டேன். வெளியூரில் இருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் இதென்ன படம் என்று கேட்கிறார்கள். பழையவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்: ஜெயித்தால் சேறு அப்பிய பதினோரு ஜோடி பூட்ஸ், தோற்றால் அட்மின் வீட்டு மாடிக் கொடியில் காயும் ஜெர்சிகள். தோற்ற நாளில் யார் முகமும் போடுவதில்லை. கப்பலில் வேலை செய்யும் எங்கள் தெரு ஆட்கள் ஸ்கோர் கேட்பதில்லை, "கொடி ஏறிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஜெர்சிகளை நான்தான் துவைக்கிறேன். மெஷினில் போட்டால் முதுகில் இருக்கும் நம்பர் உரிந்துவிடும். நேற்று மைதானத்திலிருந்து வந்ததும் தண்ணீர் லாரி தெருமுனையில் நின்றது. எடுத்திருந்த வீடியோக்களை அவசர அவசரமாகக் கிளப்பின் பொது ஃபோல்டரில் ஏற்றிவிட்டுக் குடத்தோடு ஓடினேன். வழக்கமாகச் சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் எங்கள் ஆட்களின் வாய் அப்படி.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று மாலை எங்கள் பக்கத்திலேயே ஒரு வீடியோ வந்திருக்கிறது. நான் போடவில்லை. புது ஸ்பான்சரான தண்ணீர் கேன் கம்பெனி, ஜனவரியில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியைக் கூட்டிவந்தது. அவர்களுக்கும் பக்கத்தில் அனுமதி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருந்தேன்.

பொது ஃபோல்டரிலிருந்து எடுத்து வெட்டிய பதினோரு நொடி. பந்து இமாவின் மார்பில் பட்டு, தலையில் பட்டு, பின்னால் உருண்டு போகிறது. இமாவோ பந்தைப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்தபடி மண்ணில் படுத்திருக்கிறான். பின்னாலிருந்து ஒரு பெண் சிரிக்கிறாள். "எங்க சுவருக்கு இன்னைக்கு லீவு" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். இமாவைச் 'சுவரு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

செயலாளர் குணசீலன் அண்ணன் போன் செய்தார். அறுபது வயது, ஒரு காலத்தில் லெஃப்ட் விங்கர்.

"தமயந்தி, மூணு லட்சம் பேரு பாத்துகிறாங்கம்மா! எட்டு வருசத்துல நாம பாத்துகிறோமா?"

"இமா பாத்தானாண்ணே?"

"பாத்தா இன்னா? அவன் இன்னா, பால்வாடி புள்ளயா?"

ஏஜென்சிப் பெண் ரித்திகாவை அழைத்தேன். இருபத்தாறு வயது இருக்கும். மரியாதையான பெண், அதுதான் சிக்கல்.

"மேம், நெகட்டிவ்வா எடுத்துக்காதீங்க. அடுத்தவன் கலாய்க்கிறதுக்கு முன்னாடி நம்மள நாமளே கலாய்ச்சிட்டா அவனுக்கு வேலை இல்ல. பெரிய பெரிய கிளப் எல்லாம் அப்படித்தான் ஃபேன்ஸைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"நம்மள நாமளே இல்லம்மா. நாம சேர்ந்து அவன ஒருத்தனக் கலாய்க்கிறோம்."

"உங்க கொடி போஸ்டுக்கு எத்தனை லைக் மேம்?"

"நானூத்தி அறுபது."

"தேங்க்ஸ் மேம்" என்று போனை வைத்துவிட்டாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 5, புதன்

தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தனசேகர் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து அந்த வீடியோவையே நாலைந்து தடவை பார்த்தார்.

"இந்தச் சிரிப்ப எங்கியோ கேட்டுகிறேன்."

"தோச ஆறுது, சாப்புடு."

"இல்லமே, நெசமா. கடசில ஒரு இழுப்பு இழுக்குது பாரு, பம்பு செட்டு நிக்கிற மாரி..."

"சட்னி போதுமா?"

போதும் என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

வீடியோவை நீக்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் பக்கத்தில் என் விதியை மீறிப் போட்டதை எடுக்க நான் யாரைக் கேட்க வேண்டும்?

பிற்பகல் மூன்று மணிக்குள் பதினான்கு இடங்களில் அதே வீடியோ முளைத்துவிட்டது. ஒருவன் "கிளப்பே பயந்து டெலீட் பண்ணிருச்சு" என்று எழுதியதால் இன்னும் வேகமாகப் பரவியது. ரித்திகா அழைத்து, கோபமே இல்லாமல், "நான் சொல்லியிருப்பேனே மேம்" என்றாள். சொல்லியிருப்பாள்தான். குணசீலன் அண்ணன்தான் கத்தினார்.

இப்போது இன்னொன்று. அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டி எடுத்துவிட்டார்கள். தலைகுப்புற விழும் பூனைக்கு அந்தச் சிரிப்பு. கல்யாண மேடையில் தாலியைத் தவறவிடும் மாப்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு. இமா அந்த வீடியோக்களில் இல்லை. சிரிப்பு மட்டும் எங்கும் போகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

துவைத்த ஜெர்சிகளை மடித்தேன். கோல்கீப்பரின் பச்சை ஜெர்சியில் முழங்கைப் பக்கம் கிழிந்திருந்தது. வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்து விழுந்தபோது கிழிந்திருக்கும். தைத்தேன். நூல் சரியான பச்சை இல்லை.

பயிற்சிக்கு இமா வரவில்லையாம். மூன்றாவது நாளாக.

பிப்ரவரி 9, ஞாயிறு

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இன்று விடுமுறை. இமா வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். கிளம்பும் நேரம், முதுகில் பெரிய பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க அட்மின்க்கா. டீ போட அம்மா இல்ல, சர்ச்சுக்குப் போயிகீது."

"டீயெல்லாம் வாணாம். பிராக்டிசுக்கு ஏன் வரல?"

"வந்து?"

"வந்து பந்தப் புடி. வேற இன்னா?"

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. நேற்று பெரம்பூரில் ஒரு அபார்ட்மென்டில் பார்சலை நீட்டியபோது, கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடுப்பா, சாம்பார் இருக்குது" என்றாராம். உள்ளேயிருந்து மூன்று பிள்ளைகள் ஓடிவந்து அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்களாம்.

"பந்த வுட்டது நான்க்கா. அத ஆயிரம் பேரு திட்டட்டும், வாங்கிக்கிறேன். தொண்ணூறு நிமிசம் அங்க நிக்கிறவன் வாங்கித்தான் ஆவணும். ஆனா அந்தச் சிரிப்பு... வெளியாளு சிரிச்சா பரவால்ல. அது நம்ம கம்பத்துக்குப் பின்னாலருந்து வருது. நம்ம ஆளு."

வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"ஆருன்னு தெரிஞ்சா சண்டையெல்லாம் போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். எதுக்கு சிரிச்சன்னு."

நான் அவன் முதுகுப் பையின் பட்டையைச் சரிசெய்தேன்.

"நீங்கதான அங்க நின்னு வீடியோ எடுத்தீங்க. பக்கத்துல ஆருக்கா நின்னாங்க?"

"கூட்டமா இருந்துச்சு இமா."

"ஆமா. கூட்டம்தான்" என்றான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பாத்துப் போங்கக்கா, மூணாவது படி ஒடஞ்சிகீது" என்றான்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடையில் ஒரு வாடிக்கையாளர் சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கப் போனைத் திறந்தார். அந்தச் சிரிப்பு. கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "பாத்தீங்களா மேடம், செம காமெடி" என்றார். தெளிவாகத் தெரிகிறதா சார் என்று கேட்டேன். சூப்பராகத் தெரிகிறது என்றார்.

நானும் வாடிக்கையாளர்களிடம் சிரிப்பதுண்டு. ஒரு வாரமாகப் பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கிளப் அறையில் கூட்டம். குணசீலன் அண்ணன், ஸ்பான்சர் கம்பெனியின் மேனேஜர், ரித்திகா, நான். இரண்டு விஷயம்.

ஒன்று, பதினாறாம் தேதி மாலை ஆறு மணிக்கு, ஆட்டம் முடிந்ததும், நான் பக்கத்தின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏஜென்சி மட்டும்தான்.

"இத்தன நாள் இவ்ளோ ஹார்டு வொர்க் பண்ணிருக்கீங்க, ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"நான் ரெஸ்ட் கேக்கலியே சார்."

"தமயந்தி" என்றார் குணசீலன் அண்ணன், மேஜைக்குக் கீழே, பேசாதே என்று கையைக் காட்டியபடி.

இரண்டாவது விஷயத்தை ரித்திகா லேப்டாப்பில் காட்டினாள். பெரிய மஞ்சள் எழுத்தில் "சிரிச்சது யாரு?" அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரரை ரசிகர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொல்பவருக்குக் கையெழுத்திட்ட ஜெர்சி. பதினாறாம் தேதி இடைவேளையில் மைதானத்திலேயே ஆளை வரவழைத்து மாலை போடுவார்கள்.

"பன்னெண்டாயிரம் ரீல்ஸ் மேம், அந்த ஆடியோவுல! இதுவரைக்கும் நம்ம கிளப்புக்கு இப்படி ஒண்ணு கிடைச்சதே இல்ல. அந்த அக்கா மட்டும் கிடைச்சாங்கன்னா, அடுத்த சீசன் பூரா அவங்கதான் நம்ம முகம். உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியுமே, யாரா இருக்கும்?"

"இத நான் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன் மேம்?"

"தோத்த நாள்ல யார் முகமும் போடறதில்ல. சிரிச்சவங்க முகமும் அதுல சேத்தி."

நன்றாகத்தான் சொன்னேன். திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று, இவ்வளவு நல்ல பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நான் போடவில்லை, அவர்களே போட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் இரண்டாயிரத்துக்கு மேல் பதில்கள். மீன் மார்க்கெட் சரோஜா என்கிறார்கள், ரெஃப்ரியின் மனைவி என்கிறார்கள். ஒருவர் தன் மாமியாரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டிருந்தார், அதை மட்டும் நீக்கினேன். வெளியூர் ரசிகர் ஒருவர், "அட்மின் ப்ரோ, நீங்கதான் அங்க இருப்பீங்களே, சொல்லுங்க ப்ரோ" என்று கேட்டிருக்கிறார். எட்டு வருடத்தில் என் பெயரையோ படத்தையோ பக்கத்தில் போட்டதில்லை. வெளியாட்களுக்கு நான் ப்ரோ. ஆண் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும், ஆஃப்சைடு விதியை யாரும் எனக்கு விளக்க வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது தனசேகர் வந்தார்.

"ஜெர்சி பரிசாமே. நான் ஆன்சர் போடட்டா?"

நான் கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"வாணாம், வுடு. ஜெர்சிதான் நம்ம மாடில அம்பது காயுதே" என்றார். கிளிப் டப்பாவை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "இருவத்தொரு வருசமா கேக்கறேன். எனக்குத் தெரியாதாமே?" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சரி. எழுதிவிடுகிறேன்.

சிரித்தது நான்.

சத்தத்தை எடுக்க மறந்ததும் நான்தான். தண்ணீர் லாரி, குடம் எல்லாம் உண்மை. ஆனால் சத்தத்தை எடுத்திருந்தாலும் சிரித்தவள் நான்தானே. ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதற்குச் சிரித்தாய் என்று அவன் கேட்பதாகச் சொன்ன கேள்விக்கு ஐந்து நாளாக நல்ல பதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பதற்றத்தில் வந்தது என்று சொல்லலாம். அழுகைதான் சிரிப்பாகிவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டும் பொய். பார்க்க வேடிக்கையாக இருந்தது, சிரிப்பு வந்தது, சிரித்தேன். அடுத்த நொடி ஸ்கோர் ஞாபகம் வந்ததும் நிறுத்தினேன். அந்த இழுப்பு அதுதான். பம்பு செட் நிற்கிற மாதிரி.

இன்னொன்றும் உண்மை. முதல் வருடம் நான் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றபோது, "பொம்பளைக்கு இங்க இன்னா வேல" என்றார்கள். இரண்டாவது வருடம், நிற்கட்டும், ஆனால் சத்தம் போடாமல் நிற்கட்டும் என்றார்கள். நான் கத்தினேன், திட்டினேன், சிரித்தேன். மைதானத்தில் வாய்விட்டுச் சிரிப்பதற்கு எட்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்பட மாட்டேன்.

வெட்கப்பட வேண்டியது வேறு. ரித்திகாவிடம் விதி பேசினேன், குணசீலன் அண்ணனிடம் கோபப்பட்டேன், ஊர் பேர் தெரியாத மூன்று பேரை பிளாக் செய்தேன். இமாவின் வாசலில் நின்று, "கூட்டமா இருந்துச்சு" என்று சொன்னேன். முகம் போடுவதில்லை என்ற விதியை அவனைப் போன்றவர்களுக்காகப் போட்டேன். அதற்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன்.

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். தெரிந்துதான் உடைந்த படியைப் பார்த்துப் போகச் சொன்னான்.

பிப்ரவரி 15, சனி

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை அணிப் பட்டியல் போடுவது வழக்கம். கோச்சைக் கேட்டேன். "பத்து பேரு கன்ஃபார்ம். கோல்கீப்பரு தெர்ல" என்றார். இமா இன்று மைதானத்துக்கு வந்தானாம். பூட்ஸ் போடாமல் சுவரோரம் உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டானாம். மாற்று கோல்கீப்பருக்குச் சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. அவனும் நின்றாலும் நிற்பான், நிற்காமலும் போவான்.

முதல் வரியைக் காலியாக விட்டு, இரண்டிலிருந்து பதினொன்று வரை எழுதிப் போட்டேன். ஏன் காலி என்று எதுவும் எழுதவில்லை.

ராத்திரி படுக்கும் முன் கமென்ட்களைப் படித்தேன். நிறைய பேர் அந்தச் சிரிப்பைத்தான் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காலி வரிக்கு ஒருவர் "காத்து" என்று எழுதியிருந்தார். "அங்க ஒரு கல்லு வைங்கடா, அது ஒழுங்கா நிக்கும்" என்று இன்னொருவர். நடுநடுவே, ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல், "இமானுவேல்" என்று மட்டும் எழுதியவர்களும் இருந்தார்கள். எண்ணினேன், முப்பத்தேழு பேர். அதில் ஒருவர், மூன்றாம் தேதி காலையில் நான் பிளாக் செய்தவர்களில் ஒருவர். வேறு பெயரில் வந்திருக்கிறார், அதே படம். விட்டுவைத்தேன்.

பச்சை ஜெர்சியை இஸ்திரி போட்டு மற்றவற்றோடு பையில் வைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். போனைத் தொடவில்லை. வாசல் தெளித்தேன், காபி போட்டேன், தனசேகரை எழுப்பினேன்.

"இன்னாமே, இன்னிக்கு ஆரையும் பிளாக் பண்லியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

எட்டு மணிக்கு ரித்திகா மெசேஜ் அனுப்பினாள். போட்டிக்குச் சரியான பதில் இன்னும் வரவில்லையாம். இடைவேளைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் யாராவது ஒரு நடிகையைச் சிரிக்க வைத்துக்கொள்ளலாமாம். "ஆறு மணிக்கு பாஸ்வேர்டு, மறந்துடாதீங்க மேம்" என்று கீழே ஒரு பூ. மறக்க மாட்டேன் என்று பதில் போட்டேன்.

இமாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. போனில் சொல்லி முடித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அவன் "பரவால்லக்கா" என்பான், அதோடு அது எங்கள் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. ஊருக்கு முன்னால்தான் அதற்குப் பதில் வர வேண்டும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தனசேகரிடம்கூட. அவர் இப்போது மாடியில் ஜெர்சிப் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பையின் வாயைக் கட்டுவதற்கு முன் பச்சை உள்ளே இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆட்டம் நாலு மணிக்கு. மூன்றரைக்கே கூட்டம் வந்துவிடும். எப்போதும் நிற்கும் இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். கிளப் பக்கத்திலிருந்து நேரலையை ஆரம்பிப்பேன். கம்பத்துக்கு நடுவே அவன் வந்து நின்றாலும் சரி, வேறு யார் நின்றாலும் சரி, யாருமே நிற்காவிட்டாலும் சரி. எட்டு வருடமாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்த போனை என் பக்கம் திருப்புவேன். நான் ப்ரோ இல்லை என்பது பக்கத்தைப் பின்தொடரும் நாற்பத்தோராயிரம் பேருக்கும் தெரியட்டும். என் பெயரைச் சொல்வேன். சிரித்தது நான் என்பேன். அவன் கேட்ட கேள்விக்கு, நல்ல பதிலாக இல்லாவிட்டாலும், உண்மையான பதிலைச் சொல்வேன். அவன் வாசலில் நின்று நான் சொன்ன பொய்யையும் சொல்வேன். மாலை வேண்டாம் என்பேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், நான் யாரையும் பிளாக் செய்யப் போவதில்லை.

ஆறு மணிக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவேன். சொன்ன சொல். ஆனால் மூன்றரை மணிக்குப் பக்கம் என்னுடையது.

கூட்டம் என்ன பேசினாலும் பேசட்டும். இந்த முறை சத்தத்தை எடுக்க மாட்டேன்.